மூசையில் ஏறுமுன் எழுதுங்கள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடைக்குள் போனாலும் இரண்டு கேள்விகளுக்கு உடனே மறுமொழி கிடைக்கும். இன்றைக்குப் பவுண் என்ன விலை? இது எத்தனை கரட்? விலைக்குக் கொழும்புச் செட்டியார் தெரு நிலவரம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. கரட்டுக்கு மூலையில் மெஷின் இருக்கிறது. மூன்றாவதாக, "தம்பி, இந்தப் பவுண் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "கொழும்பிலயிருந்துதான் அக்கா" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் கொழும்பு அந்தத் தங்கத்தின் கடைசித் தரிப்பிடம் மட்டுந்தான்.

தூய்மையை அறிய உரைகல் உண்டு, அமிலம் உண்டு, எக்ஸ்-கதிர் மெஷின் உண்டு, புடம்போட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. தங்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஒரே வழிதான்: அது கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த எழுத்து பெரும்பாலும் அறுந்துபோவது தங்கம் உருக்கும் கிண்ணமான மூசையில். உருகிய பிறகு தாலிக்கொடியும் திருட்டுச் சங்கிலியும் கொங்கோவின் ஆற்றுமணலில் அரித்தெடுத்ததும் ஒரே மஞ்சள்தான். பொறுப்பான கொள்முதல் என்று பெரிய அறிக்கைகளில் சொல்லப்படுவதெல்லாம் பட்டறை மட்டத்தில் இந்த ஒரு காரியத்துக்குள் அடங்கும். உருக்குவதற்கு முன் எழுதுவது.

யாழ்ப்பாணத்துப் பட்டறைக்குத் தங்கம் பல வழியில் வருகிறது. கொழும்பு இறக்குமதியாளரிடம் வாங்கும் 24 கரட் கட்டி ஒன்று. வீட்டார் மாற்றுவதற்குக் கொண்டுவரும் பழைய நகை இன்னொன்று. அடைவு வைத்து மீட்காமல் விட்டு ஏலத்துக்குப் போன நகையும் வியாபாரிகள் கைமாறி இங்கேதான் வந்து உருகும். கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் இருந்து ஊருக்கு வருபவர்கள் கழுத்திலும் கையிலும் போட்டுவருவதும் சிலவேளை இங்கேயே விலைப்படும். இவற்றில் கட்டிக்கு மாத்திரமே பிறந்த ஆலையின் பெயர் உடம்பிலேயே பொறித்திருக்கும். மற்றதெல்லாம் கொண்டுவந்தவர் சொல்லும் சொல்லை நம்பித்தான்.

முதலில் கட்டியின் கதையைப் பார்ப்போம். தங்கத்தின் ஒரு பகுதி பெருஞ்சுரங்கங்களிலிருந்து வருகிறது. அவற்றுக்குக் கணக்கு, தணிக்கை, நிலப்படம் எல்லாம் உண்டு. சிக்கல் கூடியது கைத்தொழிலாகச் செய்யும் சிறு சுரங்கத் தங்கம். ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியாவில் 15 மில்லியனுக்கு மேற்பட்டவர்கள் அதை நம்பி வாழ்கிறார்கள். பாறையை இடித்துப் பொடியாக்கி, நீரோடு பாதரசம் சேர்த்துப் பிசைந்தால் பாதரசம் தங்கத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த உருண்டையைச் சட்டியில் வைத்துச் சூடாக்குவார்கள். பாதரசம் 357 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகுவது 1064 பாகையில் என்பதால் அது அப்படியே தங்கிவிடும். பல இடங்களில் இது நடப்பது வீட்டுக் குசினியில், குழந்தைகள் பக்கத்தில் இருக்க. ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் 2018 மதிப்பீட்டின்படி, 2015 இல் மனிதச் செயலால் காற்றில் கலந்த பாதரசத்தில் ஏறக்குறைய 38 வீதம் இந்தத் தொழிலிலிருந்து வந்தது. 2017 ஓகஸ்ட் 16 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா பாதரச உடன்படிக்கை இதைக் குறைக்கச் சொல்கிறது. மூடிய வாலையில் சூடாக்கினால் ஆவி குளிர்ந்து பாதரசம் திரும்பக் கிடைக்கும். பிலிப்பைன்ஸின் பெங்குவெட் பகுதியில் பாதரசமே இல்லாமல் வெண்காரம் போட்டு உருக்கிப் பிரிக்கும் முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஆகவே சிறு சுரங்கக்காரரை ஒதுக்கிவிடுவது தீர்வல்ல. வாங்குபவர்கள் விலகினால் அவர்கள் கடத்தல்காரரிடம்தான் விற்பார்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் வழிகாட்டியும் விலகச் சொல்லவில்லை, கூட நின்று முறைப்படுத்தத்தான் சொல்கிறது.

அந்தத் தங்கம் சுரங்கத்திலிருந்து வெளியேறியதும் நடப்பதுதான் மோசமானது. சுவிஸ் எய்ட் அமைப்பின் ஆய்வு, 2022 இல் மாத்திரம் ஆபிரிக்காவிலிருந்து குறைந்தது 435 தொன் தங்கம் அறிவிக்கப்படாமல் வெளியேறியதாகக் கணக்கிட்டது. அதில் மிகப் பெரும்பங்கு போனது ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு. பயணியின் கைப்பையில் வந்த கட்டியை அங்கே உருக்கி வளையலாக்கி, அந்த வளையலை மறுபடி உருக்கிப் 'பழைய நகைத் தங்கம்' என்று ஏற்றுமதி செய்துவிடலாம். பெரிய ஆலைகளுக்கான விதிகளில், மீள்பயன்படுத்திய தங்கத்தின் பிறப்பிடம் என்று கொள்ளப்படுவது அது மீள்பயன்பாட்டுக்காகச் சேர்ந்த இடத்தைத்தான். சுரங்கத்தை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. 'மீள்பயன்' என்ற சொல் நல்ல சொல்லாக இருப்பதால் அதற்குள் எல்லாம் ஒளிந்துகொள்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை மாத்திரம் காட்டி விற்கும் எந்த வியாபாரியையும் நம்பக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

விஞ்ஞானத்தாலும் இதைத் திரும்பப் பிடிக்க முடியாது. சுரங்கத்தில் முதல் வார்க்கும் கட்டியில் வெள்ளி, செம்பு, ஈயம் என்று சிறு கலப்புகள் இருக்கும். அவற்றை வைத்துப் பிரதேசத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆலையில் குளோரின் வாயு செலுத்தினால் 99.5 வீதமும், அதன்பின் மின்பகுப்புச் செய்தால் 99.99 வீதமும் தூய்மையாகும். அந்தத் தூய்மையில் கைரேகை போய்விடும்.

லண்டன் தங்கச் சந்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும் பெரிய கட்டி 350 முதல் 430 அவுன்ஸ் வரை, தூய்மை ஆயிரத்துக்கு 995 இற்குக் குறையாமல், ஆலை முத்திரையும் இலக்கமும் வார்த்த ஆண்டும் பொறித்து இருக்க வேண்டும். 2012 இலிருந்து அந்தச் சங்கம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள ஆலைகள் தங்கம் எங்கிருந்து வந்தது என்று ஆண்டுதோறும் வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும். அதே 2012 இல்தான் மேலே சொன்ன வழிகாட்டியில் தங்கத்துக்கான பகுதியும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2021 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் தங்கம் இறக்குமதி செய்பவரைக் கட்டுப்படுத்துகிறது. இவையெல்லாம் யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டிப் பட்டறையின் தலைக்கு மேலால் போகும் விதிகள்தான். ஆனாலும் அவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஒரு பயன், கட்டியில் உள்ள ஆலை முத்திரை. அந்த ஆலை பட்டியலில் இப்போதும் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். 2022 மார்ச்சில் ரஷ்ய ஆலைகள் ஆறு இடைநிறுத்தப்பட்டன. அதனால் முத்திரையோடு ஆண்டையும் பார்க்க வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு மிகச் சாதாரணமானது. 100 கிராம் கட்டி, அல்லது 116.64 கிராம் நிறையுள்ள பத்துத் தோலா பிஸ்கட், பாதியாக வெட்டி விற்கப்படும். முத்திரையும் இலக்கமும் ஒரு துண்டோடு போய்விடும். மற்றத் துண்டு அந்த நிமிடமே பெயரில்லாத தங்கமாகிவிடும். வெட்டுமுன் கட்டியின் இரு பக்கத்தையும் படமெடுத்து, வெட்டிய பின் இரு துண்டின் நிறையையும் ஒரே தாளில் எழுதி, இருவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்தால் போதும். இதற்கு இரண்டு நிமிடமும் ஒரு தாளும்தான் செலவு.

கட்டியே போலியாக இருக்கும் ஆபத்தும் உண்டு. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. தங்கத் தோலுக்குள் டங்ஸ்டன் வைத்தால் தண்ணீரில் நிறுத்தாலும் பிடிபடாது. கதிர் மெஷின் மேற்பரப்பில் மைக்ரோன் கணக்கில்தான் பார்க்கும், உள்ளே போகாது. வெட்டிப் பார்ப்பது அல்லது ஒலியலைச் சோதனை செய்வது நம்பத்தக்கது.

இனிப் பழைய நகை. இதுதான் நம்மூரில் கூடுதலாக ஓடும் சரக்கு, ஆகவே இதில்தான் கூடுதலாகக் கவனம் வேண்டும்.

பதினொரு பவுண் தாலிக்கொடி ஒன்று மாற்ற வருகிறது என்று வைப்போம். பவுண் 8 கிராம், ஆக 88 கிராம். கொடி 22 கரட் என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருப்பார்கள். செய்தபோது தங்கமும் 22 கரட்டாகவே இருந்திருக்கலாம். ஆனால் வளையம் வளையமாகப் பற்றவைத்த கொடியில் மூட்டை ஒட்டும் பற்று கரட் குறைந்தது. உருக்கினால் முழுவதும் 20.5 கரட்டுக்கு இறங்கக்கூடும். 22 கரட்டில் 88 கிராம் என்றால் தூய தங்கம் 80.67 கிராம். 20.5 கரட்டில் 75.17 கிராம். வித்தியாசத்தை 22 கரட் நகையாக மாற்றிப் பார்த்தால் சரியாக 6 கிராம், முக்கால் பவுண். வீட்டார் ஏமாற்றப்பட்டோம் என்கிறார்கள், கடைக்காரர் சேதாரம் என்கிறார். கணக்குத் தாளில் இருந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை.

மெஷினும் இங்கே தனியாக நிற்க முடியாது. மினுக்குவதற்காக நகையை அமிலத்தில் தோய்த்தெடுக்கும்போது மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து போகும். மேலே தங்கத்தின் வீதம் கூடி நிற்கும். மெஷின் அதைத்தான் வாசிக்கும். 24 கரட் முலாம் பூசிய நகையில் இன்னும் கூடக் காட்டும். அதனால் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: வெளிப்பக்கம், உட்புறத்தில் அரத்தால் லேசாக அராவிய இடம், பற்று வைத்த மூட்டு. மூன்று வாசிப்பும் ஒத்துவராவிட்டால் உருக்கிய பிறகு கட்டியின் இரு நுனியிலும் கிள்ளி எடுத்துப் பார்ப்பதே கணக்கு. மிகத் துல்லியம் வேண்டுமென்றால் புடச் சோதனைதான். அதற்குக் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையின் சோதனைச் சேவை இருக்கிறது.

வாங்கும்போது வேலை இந்த ஒழுங்கில் போக வேண்டும். கல்லையும் அரக்கையும் கொண்டுவந்தவர் முன்னாலேயே கழற்றுவது. 0.01 கிராம் காட்டும் தராசில் அவருடைய கண்முன் நிறுப்பது. நகையைத் தராசின் இலக்கத்தோடு சேர்த்துப் படமெடுப்பது. தேசிய அடையாள அட்டை இலக்கம், பெயர், இது யாருடைய நகை, எப்படி வந்தது என்று அவர் சொல்லும் வசனம், கையொப்பம். பிறகு ஒரு உருக்கு இலக்கம் கொடுத்துப் பையில் போட்டு ஒட்டுவது. உருக்குப் புத்தகத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்: உருக்கு 37, தாலிக்கொடி ஒன்று, உள்ளே போனது 88.00 கிராம், வெளியே வந்தது 87.60, நுனிச் சோதனை 20.5 கரட், தூய தங்கம் 74.83. இந்த ஒரு வரியை எழுதும் பட்டறையில் எதுவும் தொலையாது. எழுதாத பட்டறையில் வேலை செய்பவர்மேல் வரும் சந்தேகத்துக்கு முடிவே இருக்காது. இந்தப் புத்தகம் முதலில் காப்பாற்றுவது நகை செய்யும் பத்தரைத்தான்.

மூசையையும் பார்க்க வேண்டும். வெண்காரம் கண்ணாடிபோல் படிந்த சுவரில் முந்திய உருக்கின் சிறு மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டாமல் அடுத்ததைப் போட்டால் ஒருவருடைய தங்கம் இன்னொருவருடையதில் ஏறும், நிறை கூடிக்கூட வரும். நிறை கூடி வந்தால் சந்தோசப்படாமல் மூசையைத் திருப்பிப் பாருங்கள்.

சிறு பட்டறை ஒவ்வொரு உருக்கையும் தனித்தனியே சுத்திகரிக்க முடியாது, பலதைச் சேர்த்துத்தான் செய்யும். சேர்ப்பது குற்றமில்லை, எவையெவை சேர்ந்தன என்று எழுதாததுதான் குற்றம். 31 முதல் 37 வரை சேர்ந்து ஒரு கட்டியானால் அந்தக் கட்டிக்கு அந்த ஏழு இலக்கமும் சொந்தம். அதில் ஒன்று திருட்டு நகை என்று பின்னர் தெரியவந்தால் முழுக் கட்டியும் சந்தேகத்துக்குள் போகும். ஆகவே கதை பொருந்தாத நகையைச் சேர்க்கவே கூடாது. தனியே வைத்திருங்கள், அல்லது வாங்காதீர்கள். விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் அவசரமாக விற்க நிற்பவர், ஏற்கெனவே உருக்கிய கட்டியைப் 'பாட்டியின் நகை' என்று கொண்டுவருபவர், ஒரே ஆள் அடிக்கடி வெவ்வேறு அளவு மோதிரம் கொண்டுவருவது — இவற்றைப் பார்த்தவுடன் கை நிற்க வேண்டும்.

சுத்திகரிப்பில் இன்னொரு பொறுப்பு இருக்கிறது, அது நம்முடைய கிணறுகளைப் பற்றியது. ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கித் தகடாக்கி நைத்திரிக் அமிலத்தில் இடுவார்கள். வெள்ளியும் செம்பும் கரையும், தங்கம் மண்ணிறத் துகளாக அடியில் நிற்கும். வெள்ளி போதாவிட்டால் அமிலம் உள்ளே போகாமல் பாதியில் நின்றுவிடும். கூடிவிட்டால் தங்கம் மிக நுண்ணிய தூளாகி, நீரை ஊற்றும்போது அதோடு போய்விடும். எழும் செம்மண்ணிறப் புகை நுரையீரலைச் சுடும். மூடிய அறையில் இந்த வேலை செய்யவே கூடாது. மிஞ்சும் பச்சை நீலக் கரைசலை வளவில் ஊற்றினால் அது எங்கே போகும்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையுமான அந்தக் கல்லுக்குள் இறங்கியது எதுவும் கிணற்றுக்குப் போகும். உரத்தால் ஏற்கெனவே நைத்திரேற்று கூடிய நீர் அது. கரைசலில் சாதாரண உப்புப் போட்டால் வெள்ளி வெண்ணிறமாகப் படிந்துவிடும், அது காசு. வடித்ததில் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டால் செம்பு இரும்பில் படியும். பிறகு சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைச் சமப்படுத்தி, படியும் சேற்றைத் தனியே பிடித்து அடைத்து வைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் கரைந்த நைத்திரேற்று நீரிலேயே இருக்கும். ஆகவே அதையும் மண்ணில் ஊற்றக் கூடாது. அளவு பெருகினால் பட்டறைகள் சேர்ந்து ஒரே இடத்தில் சுத்திகரிப்பதுதான் நியாயம்.

நம்மிடம் இதற்கெல்லாம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கலியாணத்துக்கு முன் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் அன்று மாப்பிள்ளை வீட்டில், உமியும் சிரட்டைக்கரியும் வைத்து, வீட்டாரின் பவுண் நாணயத்தை அவர்கள் கண்முன்னாலேயே பத்தர் உருக்குகிறார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுகிறார். எந்த நாணயம், யார் கொடுத்தது, யார் பார்த்தது என்பதெல்லாம் அங்கே வெளிச்சம். வேறெதுவும் அதில் கலக்கவில்லை. பிரித்தானியப் பவுண் நாணயம் 7.988 கிராம், 22 கரட். அந்த நாணயத்தின் நிறையும் ஆண்டும்கூடத் தெரிந்த விடயம். உலகத் தணிக்கையாளர் கேட்பது இதையேதான். ஆனால் அந்தப் பொன் தாலிக்குத்தான் போகும். அதைக் கோர்க்கும் கொடியின் ஒன்பது, பதினொரு பவுண் கடையின் பொதுத் தங்கத்திலிருந்து வரும். தாலிக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக் கொடிக்கும் காட்டலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

விற்கும் பக்கத்திலும் கடமை உண்டு. இந்தியா 2022 யூலையில் தங்க இறக்குமதி வரியை 15 வீதமாக்கியது, 2024 யூலையில் 6 வீதமாகக் குறைத்தது. அந்த வரிக்குத் தப்ப நமது கடற்கரையிலிருந்து தங்கம் கடத்தப்படுவது எல்லாருக்கும் தெரியும். 2023 இல் மன்னார் வளைகுடாவில் படகுகளில் வந்தவர்கள் கடலில் எறிந்ததையும் சேர்த்து ஒரே நடவடிக்கையில் 32 கிலோவுக்கு மேல் இந்திய அதிகாரிகள் பிடித்தார்கள். சுழியோடிகளை இறக்கி எடுத்தார்கள். பற்றுச்சீட்டு வேண்டாம் என்று காசு கொடுத்து 24 கரட் கட்டி கேட்பவருக்கு விற்கும் கடை அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 15,000 அமெரிக்க டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கலில் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு பதிவு வைக்க வேண்டும் என்கின்றன. மேற்பார்வை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு. பெரிய தொகைபோல் தோன்றும். அவுன்ஸ் 4,000 டொலர் என்று வைத்தால் 22 கரட் பவுண் ஒன்றில் உள்ள தங்கம் 943 டொலர். 16 பவுண் வாங்கும் கலியாண வீடு அந்த வரம்பைத் தொட்டுவிடும். அடையாள அட்டை கேட்டால் அவமதிப்பாக எடுக்க வேண்டாம். கேட்காத கடையைத்தான் யோசிக்க வேண்டும்.

வாங்குபவர் பற்றுச்சீட்டில் நிறை, கரட், செய்கூலி, சேதாரம் தனித்தனியே இருக்கச் சொல்லுங்கள். அதன் கீழே ஒரு வரி கேளுங்கள்: கட்டித் தங்கமா, பழைய நகையா; கட்டியானால் எந்த ஆலை. இந்தியாவில் வாங்கிய நகையில் ஆறு எழுத்து இலக்க அடையாளம் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்; அது கரட்டையும் கடையையும் சொல்லும், சுரங்கத்தைச் சொல்லாது. அதை வைத்து 'பொறுப்பான தங்கம்' என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

கடைசியாக, தாள் இல்லாத தங்கம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் நகையை மடியில் கட்டினார்கள், பற்றுச்சீட்டைக் கட்டவில்லை. வன்னியில் கடைசிவரை நின்றவர்களிடம் அதுவும் மிஞ்சவில்லை. போர்க்காலத்தில் மீட்கப்பட்டு இராணுவத்திடம் இருந்த பொதுமக்களின் தங்கத்தில் ஒரு பகுதி, உரியவர்களிடம் சேர்ப்பதற்கென 2025 மே மாதம் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. எந்தக் காப்பு எந்த வீட்டுடையது என்று நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மக்கள்தான் அறிவார்கள். ஆகவே பற்றுச்சீட்டு இல்லை என்பதற்காக ஒரு அம்மாவைத் திருடிபோல் பார்க்கக்கூடாது. தாள் இல்லாத இடத்தில் புதிதாகத் தாள் உண்டாக்க வேண்டும்: யார் கொடுத்த நகை, எந்த ஆண்டளவில், எந்த ஊர்ப் பத்தர் செய்தது, பழைய கலியாணப் படத்தில் தெரிகிறதா, அடைவு வைத்த துண்டு எங்காவது இருக்கிறதா. அடைவுத் துண்டில் நிறையும் திகதியும் இருக்கும். நகையை மீட்டதும் அதை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். இன்றைக்கே வீட்டில் உள்ள ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்து, நிறையை எழுதி, பிள்ளை ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.